ஒரு வெட்டுக்கு ஒரு ரம்பம்

மரத்தை நீளவாக்கில் பிளப்பதும் குறுக்கே துண்டிப்பதும் தச்சு வேலையில் இரண்டு தனித் தொழில்கள். நார் ஓடும் திசையிலேயே செல்லும் ரம்பத்தின் பற்கள் சிற்றுளிகளைப் போல் நாரைச் செதுக்கித் தள்ள வேண்டும். நாருக்குக் குறுக்கே செல்லும் ரம்பத்தின் பற்களோ கூர்முனையால் நாரை இரண்டு ஓரத்திலும் முதலில் அறுத்துவிட்டு, நடுவில் நிற்பதைப் பிறகு வெளியே தள்ள வேண்டும். ஒன்றுக்குத் தீட்டிய ரம்பத்தை மற்றதற்கு இழுத்தால் வேலை ஓடாது. ஓடினாலும் ஓரமெல்லாம் சிராய் எழும்பும். வளைவாக அறுப்பது மூன்றாவது வேலை. இரண்டு சட்டங்கள் மூலையில் கூடும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து வெட்டுவது நான்காவது. வீட்டுக்கு மரத்தரை போடவோ அலமாரி செய்யவோ மின்ரம்பம் வாங்கப் போகிறவர் கடையில் காணும் டேபிள் சா, சர்குலர் சா, ஜிக் சா, மைட்டர் சா எல்லாம் ஒரே பொருளின் மலிவான வகை, விலையுயர்ந்த வகை என்று நினைத்துக்கொள்வது உண்டு. ஒவ்வொன்றும் வேறொரு காலத்தில், வேறொரு வெட்டுக்காகப் பிறந்தது. எல்லா வெட்டுக்கும் ஒரே இயந்திரம் போதும் என்ற ஆசையும் நடுவில் வந்து, சில பத்தாண்டுகள் கோலோச்சிவிட்டுப் போயிருக்கிறது.

இந்த நான்கில் மனிதரை அதிகம் வருத்தியது நீள அறுப்பு. அடிமரத்தைப் பலகையாக்க ஐரோப்பாவில் குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளும் நின்று நீண்ட ரம்பத்தை இழுத்தார்கள். மேலே நிற்பவர் கரிக்கோட்டில் கண் வைத்து ரம்பத்தை வழிநடத்துவார். கீழே நிற்பவர் தலையிலும் கண்ணிலும் தூள் கொட்டும். தமிழ்நாட்டு மரவாடிகளிலும் இதே முறைதான் இருந்தது. குழிக்குப் பதிலாக மரத்தின் ஒரு முனையைச் சாரத்தில் உயர்த்திக் கட்டுவதும் உண்டு. ரம்பம் கீழே இறங்கும்போதுதான் அறுக்கும். மேலே ஏற்றும் இழுப்பு முழுக்க வெறும் சுமை. ஆளின் உழைப்பில் பாதி மரத்தில் படாமலே போனது.

தண்ணீரும் காற்றும் இந்தச் சுமையைத் தூக்க முன்வந்தது ஆச்சரியமல்ல. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வில்லார் த ஒனக்கூர் தம் வரைபடத் தொகுப்பில், நீர்ச்சக்கரத்தால் மேலும் கீழும் இயங்கும் ரம்பம் ஒன்றை வரைந்திருக்கிறார்; மரத்தைத் தானே முன்னுக்கு நகர்த்தும் அமைப்பும் அதில் இருந்தது. 1593இல் ஹாலந்தின் கோர்னெலிஸ் கோர்னெலிஸோன் காற்றாலையின் சுழற்சியை வளைதண்டு வழியே மேல்கீழ் அசைவாக மாற்றி மரம் அறுக்கும் ஆலைக்கு உரிமம் பெற்றார். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஸான் ஆற்றங்கரை இத்தகைய ஆலைகளால் நிறைந்தது. டச்சுக் கப்பல்கள் மலிவாகவும் விரைவாகவும் கட்டப்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இங்கிலாந்தில் கதை வேறு. அறுப்புக்காரர்கள் அங்கே எண்ணிக்கையிலும் ஒற்றுமையிலும் வலுவானவர்கள். பிழைப்பு போய்விடும் என்று அஞ்சினார்கள். 1768 மே 10 அன்று லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் சார்ல்ஸ் டிங்லி நிறுவியிருந்த காற்றாலை ரம்ப ஆலையைச் சுமார் 500 பேர் திரண்டு வந்து இடித்துப் போட்டார்கள். ஹாலந்தில் ஆலைகள் ஓடத் தொடங்கி ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் லண்டன் ஆறடிக் குழியிலேயே நின்றது.

மேல்கீழ் அசையும் ரம்பத்தின் வீண் இழுப்பை ஒழித்தது வட்ட ரம்பம். சுற்றிக்கொண்டே இருக்கும் தட்டுக்குத் திரும்பி வரும் பயணம் கிடையாது. எந்தப் பல்லும் சும்மா இருப்பதில்லை. 1777இல் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் பெற்ற உரிமத்தில் வட்ட வடிவ ரம்பம் குறிப்பிடப்படுகிறது. அதே ஊர்ப்பக்கம் வால்ட்டர் டெய்லர் என்பவர் கடற்படைக் கப்பல்களுக்குக் கப்பிகள் செய்ய வட்ட ரம்பத்தைப் பயன்படுத்தினார். பாய்மரக் கயிறுகள் ஓடும் அந்த மரக் கப்பிகள் ஒரு பெரிய போர்க்கப்பலுக்குச் சுமார் ஆயிரம் தேவைப்பட்டன. பின்னர் கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பெந்தாமின் ஆதரவில், மார்க் புருனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுத்த இயந்திரங்கள் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் 1803 முதல் நிறுவப்பட்டன. 1808இல் அங்கே ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. 110 தேர்ந்த கைவினைஞர் செய்த வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் முடித்தார்கள். லைம்ஹவுஸ் அறுப்புக்காரர்கள் எதற்கு அஞ்சினார்களோ அது நாற்பது ஆண்டுக்குள் அரசாங்கக் கட்டடத்துக்குள்ளேயே நடந்தது.

அமெரிக்காவில் இந்தக் கண்டுபிடிப்புக்கு வேறொரு பிறப்புக்கதை சொல்வார்கள். மாசசூசெட்ஸின் ஹார்வர்ட் என்ற ஊரில் ஷேக்கர் மதக்குழுவில் வாழ்ந்த டாபிதா பாபிட், 1813 வாக்கில், இரண்டு ஆட்கள் மரம் அறுப்பதையும் பாதி உழைப்பு வீணாவதையும் கண்டு, தம் நூற்புச் சக்கரத்தில் தகரத் தட்டைப் பொருத்திப் பார்த்தாராம். மில்லரின் உரிமம் அதற்கு முந்தையது. ஆகவே முதல் வட்ட ரம்பம் என்ற பெருமை இந்தக் கதைக்குச் சேராது. ஆனாலும் வீண் இழுப்பைக் கண்டுதான் யோசனை பிறந்தது என்று சொல்வதில், கதை தொழிலின் உண்மையான நோவைத் தொட்டுவிடுகிறது.

வட்ட ரம்பத்துக்கும் குறை உண்டு. தட்டின் விட்டத்தில் பாதிகூட மரத்துக்குள் இறங்காது. பெரிய மரத்துக்குப் பெரிய தட்டு வேண்டும், பெரிய தட்டு ஆடாமலிருக்க அது தடிமனாக இருக்க வேண்டும். தடிமன் கூடினால் ஒவ்வொரு அறுப்பிலும் அவ்வளவு மரம் தூளாகும். பத்துப் பலகை எடுக்கும் மரத்தில் ஒரு பலகைக்கு மேலேயே தூளாகப் போனால் மரவாடிக்காரருக்கு அது நேரடி நட்டம். மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு சக்கரங்களில் மாட்டி ஓடவிடும் பட்டை ரம்பத்துக்கு வில்லியம் நியூபெரி 1808இலேயே லண்டனில் உரிமம் பெற்றிருந்தார். பட்டையின் இரு முனைகளை இணைக்கும் பற்றுவைப்பு நிற்காமல் அறுந்து அறுந்து போனதால் யோசனை தூங்கிவிட்டது. 1846இல் பாரிசில் ஆன் போலின் க்ரெபேன் என்ற பெண்மணி இணைப்புக்கு வழி கண்ட பிறகுதான் அது ஆலைகளுக்குள் வந்தது. இன்று பலகையைத் தடிமனில் இரண்டாகப் பிளக்கவும் நாற்காலிக் கால் போன்ற வளைவுகளை வெட்டவும் வீட்டுப் பட்டறைகளில் நிற்கும் பாண்ட் சா இதன் சிறு வாரிசு.

தரைப்பலகையின் கதை இங்கே வந்து சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரத்தரை என்பது கையால் அறுத்து, மேல்பக்கத்தை மட்டும் இழைப்புளியால் இழைத்த பலகைகளின் வரிசை. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு தடிமன். கீழே தாங்கும் உத்தரத்தில் உட்காரும் இடத்தில் மட்டும், பலகையின் அடிப்பக்கத்தை வாச்சியால் கொத்தித் தடிமனைச் சமன் செய்தார்கள். மற்ற இடத்தில் ரம்பத்தின் தழும்பு அப்படியே இருக்கும். பழைய வீடுகளின் நிலவறையில் நின்று அண்ணாந்து பார்த்தால், உத்தரத்துக்கு உத்தரம் இந்தக் கொத்தல் தெரியும். மரம் காய்ந்து சுருங்கும்போது பலகைகளுக்கிடையே வெடிப்பு விட்டு, தூசியும் குளிரும் அதன் வழியே ஏறின.

1827இல் கிளாஸ்கோவின் மால்கம் மியூர் தரைப்பலகைகளை இழைத்து, ஓரம் சீவி, ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் காடியும் எடுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலத்தின் வில்லியம் வுட்வொர்த் அமெரிக்காவில் அதே வேலைக்கு உரிமம் வாங்கினார். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் புகுந்துவிட்டால், மரம் சுருங்கினாலும் வெடிப்பு ஊடுருவாது; ஆணியை நாக்கின் மேல் சாய்த்து அடித்தால் அது கண்ணுக்கே தெரியாது. வுட்வொர்த்தின் உரிமத்தை வைத்திருந்தவர்கள் பகுதி பகுதியாக அதை விற்றுக் கப்பம் வாங்கினார்கள். அமெரிக்கக் காங்கிரசே நீட்டிப்புக் கொடுத்து, அது 1856 வரை நீடித்தது. அந்நாட்டு உரிமச் சட்ட வரலாற்றில் இவ்வளவு வழக்குகளையும் வசையையும் சம்பாதித்த இயந்திரங்கள் சிலவே.

இதன் பின் வேலைப் பங்கீடு மாறிவிட்டது. கடினமான நீள அறுப்பையும் இழைப்பையும் ஆலை எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் பலகை தயாராக வந்தது. தரை போடுகிறவருக்கு மிஞ்சியது நான்கு வெட்டு: ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் குறுக்கு வெட்டு, கடைசி வரிசையை அகலத்தில் குறைக்கும் நீள வெட்டு, குழாயையும் கதவு நிலையையும் சுற்றிப் போகும் வளைவு வெட்டு, சுவரோரச் சட்டத்தின் மூலைச் சாய்வு. வீட்டு மின்ரம்பங்கள் எல்லாம் இந்த மிச்ச வேலைக்குத்தான் வந்தன.

மின்மோட்டார் கைக்குள் வந்தது துளைபோடும் கருவியாகத்தான். 1895இல் ஸ்டட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் ட்ரில்லைச் செய்தது. அதில் விசைப் பொத்தானைத் துப்பாக்கியின் விசைபோல் பிடியிலேயே வைத்த வடிவம் பால்டிமோரின் பிளாக் அண்ட் டெக்கரிடமிருந்து 1916இல் வந்தது. ரம்பத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

1922இல் நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்டனில் ரேமண்ட் டிவால்ட் என்பவர், மோட்டாரையும் அதன் தண்டிலேயே மாட்டிய வட்ட ரம்பத்தையும் மேசைக்கு மேலே ஒரு கரத்தில் தொங்கவிட்டார். மரத்தை மேசையில் பின்தடுப்போடு சேர்த்து வைத்துவிட்டு, தொங்கும் ரம்பத்தை முன்னோக்கி இழுத்தால் குறுக்கு வெட்டு. கரத்தைத் திருப்பினால் மூலைச் சாய்வு. மோட்டாரைச் சாய்த்தால் சரிவு வெட்டு. மோட்டாரையே 90 டிகிரி திருப்பிப் பூட்டிவிட்டு மரத்தைத் தள்ளினால் நீள அறுப்பு. இதுதான் ரேடியல் ஆர்ம் சா. 1924இல் அவர் பென்சில்வேனியாவின் லியோலாவில் தொடங்கிய நிறுவனம் 1949இல் ஏஎம்எஃப் நிறுவனத்தின் கைக்கும் 1960இல் பிளாக் அண்ட் டெக்கர் கைக்கும் மாறியது. மஞ்சள் நிறக் கருவிகளில் உலகமெங்கும் தெரியும் டிவால்ட் என்ற பெயர், ஒரு காலத்தில் இந்த ஒரே இயந்திரத்தின் பெயர்.

டிவால்ட் மரத்தை அசையாமல் வைத்து ரம்பத்தை நகர்த்தினார். எட்மண்ட் மிஷெல் என்பவர் இன்னும் ஒரு படி போய், ரம்பத்தை மேசையிலிருந்தே விடுவித்தார். லூசியானாவில் கரும்பு வெட்டும் வேலையாட்கள் அரிவாளால் படும் பாட்டைப் பார்த்து, மோட்டார் வைத்த அரிவாள் ஒன்றைச் செய்ய முனைந்தார் என்பது பின்னாளில் அவர் தொடங்கிய நிறுவனத்தார் சொல்லும் வரலாறு. கரும்புக்கு அது எடுபடவில்லை. மரத்துக்கு எடுபடும் என்று தோன்றியது. ஜோசப் சலிவன் என்பவரோடு சேர்ந்து 1924இல் நிறுவனம் அமைந்தது. 1926இல் மிஷெல் விலகிவிட்டார். நிறுவனம் ஸ்கில்சா என்ற பெயரில் தொடர்ந்தது. அமெரிக்கக் கட்டட வேலையில் இன்றும் கையடக்கச் சர்குலர் சா எதையும் 'ஸ்கில்சா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மிஷெலின் ரம்பத்தில் மோட்டார் தட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் படுத்திருக்கும். திருகுப் பல்சக்கரம் அதன் வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டி, திசையைத் திருப்பித் தட்டுக்குக் கொடுக்கும். கனம் அதிகம், ஆனால் ஈர மரத்திலும் திணறாது. 1929 வாக்கில் போர்ட்டர் கேபிள் நிறுவனத்தின் ஆர்ட் எமன்ஸ் மோட்டாரைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, சாய்வுப் பல்சக்கரத்தால் ஓட்டி, இலகுவான ரம்பத்தைச் செய்தார். கடைகளில் வீட்டுக்காரர்களுக்கு விற்பவை பெரும்பாலும் எமன்ஸ் வழி வந்தவை. அமெரிக்காவின் மேற்குக் கரைத் தச்சர்கள் திருகுச் சக்கர வகையையும் கிழக்குக் கரைத் தச்சர்கள் பக்கமோட்டார் வகையையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருப்பது, காப்பியா டீயா என்ற வழக்கைப் போன்றது. 1937இல் ஸ்கில்சா வெளியிட்ட 77ஆம் மாடலின் வாரிசு அதே எண்ணில் இன்னும் விற்கிறது. 1928இல் அமெரிக்க ப்ளைவுட் 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் நிலைபெற்றது இந்த ரம்பத்துக்குப் பெரிய வாய்ப்பாகியது. அவ்வளவு பெரிய பலகையை மேசை ரம்பத்தில் தனியாளாக ஏற்றித் தள்ளுவதைவிட, தரையில் கிடத்தி அதன் மேல் ரம்பத்தை ஓட்டுவது எளிது.

நேர்த்தியான நீள அறுப்பு மட்டும் மேசையை விட்டு வரவில்லை. மில்வாக்கியில் ஹெர்பர்ட் டவுட்ஸ் 1919இல் தொடங்கிய டெல்டா நிறுவனம் வீட்டுப் பட்டறைக்காரர்களை நம்பி வளர்ந்தது. அதன் 'யுனிசா' 1939இல் வந்தபோது, மோட்டாரும் வாரும் பெட்டிக்குள்ளே மறைந்திருந்தன. சரிவாக வெட்டப் பழைய ரம்பங்களில் மேசையையே சாய்ப்பார்கள், மரம் சறுக்கும். யுனிசாவில் மேசை மட்டமாகவே நிற்க, தட்டுதான் உள்ளே சாயும். 10 அங்குலத் தட்டு, மேலே வார்ப்பிரும்பு மேசை, பக்கத்தில் நகரும் நேர்தடுப்பு என்ற அந்த உருவம் இன்றைய நல்ல டேபிள் சாவிலும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்காரரே தச்சராகும் காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக்கடன் கிடைத்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு லெவிட்டவுன் எழுந்தது. அவ்வீடுகளின் மேல்தளம் முடிக்கப்படாமல் வெறும் கூரைச்சட்டத்தோடு கொடுக்கப்பட்டது. குடும்பம் பெருகும்போது குடியிருப்பவரே அறையாக்கிக்கொள்ள வேண்டும். கூலிக்குத் தச்சர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி எட்டாது. 1954 ஆகஸ்டில் டைம் இதழ் இந்தச் 'சொந்தக் கை' வேலைமோகத்தை அட்டைப்படக் கட்டுரையாக்கும் அளவுக்கு அது தொழிலாகப் பெருத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரம் என்ற ஆசை உச்சத்துக்குப் போனது இந்தக் காலத்தில்தான். கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலைதான் பட்டறை. நான்கு இயந்திரத்துக்கு இடமில்லை. ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1947இல் அறிமுகப்படுத்திய ஷாப்ஸ்மித் ஒரே மோட்டாரில் டேபிள் சா, கடைசல், துளையிடல், தேய்ப்பு முதலான ஐந்து வேலைகளைச் செய்தது. ஆனால் வேலைக்கு வேலை அதைக் கழற்றி மாட்ட வேண்டும். ரேடியல் ஆர்ம் சாவுக்கு இன்னும் பெரிய வரவேற்பு. சுவரோரம் ஒட்டி நிற்கும், குறுக்கே வெட்டும், நீளமாக அறுக்கும், காடி எடுக்கும். சியர்ஸ் கடைகள் கிராஃப்ட்ஸ்மன் பெயரில் அதைப் பத்தாண்டு பத்தாண்டாக விற்றன.

அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. தூண், கரம், கரத்தில் ஓடும் உருளை, திரும்பும் நுகம் என்று ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மயிரிழை தளர்ந்தாலும் ரம்பத்தின் நுனியில் அது பெருகி, 90 டிகிரி 90 டிகிரியாக நிற்காது. குறுக்கு வெட்டில் பற்கள் மரத்தைக் கவ்வி, ரம்பமே தானாக ஆளை நோக்கி ஏறிவரப் பார்க்கும். நீள அறுப்பில் மரத்தைத் தவறான பக்கத்திலிருந்து ஊட்டிவிட்டால் தட்டு அதை இழுத்து மறுபக்கம் எறியும். தட்டின் கீழ்ப்பாதிக்கு மறைப்பும் கிடையாது. 2000ஆம் ஆண்டில், 1958 முதல் 1992 வரை விற்ற சுமார் 37 லட்சம் கிராஃப்ட்ஸ்மன் ரேடியல் ஆர்ம் சாக்களுக்கு முழு மறைப்பு பொருத்தித் தர அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது, வீட்டுச் சந்தை அதை ஏற்கெனவே கைவிடத் தொடங்கியிருந்தது. பல வெட்டுகளைச் சுமாராகச் செய்த அதைத் தள்ளிவிட்டு, ஒரு வெட்டை நன்றாகச் செய்த இரண்டு சிறு ரம்பங்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அதில் ஒன்று சுவிட்சர்லாந்தில் பிறந்தது. ஸொலோதூர்னில் சின்டில்லா நிறுவனத்தின் ஆல்பர்ட் கௌஃப்மன் 1946இல், மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசிக்குப் பதிலாக ரம்ப அலகைப் பொருத்திப் பார்த்தார். மேலும் கீழும் குத்தும் அசைவு கையடக்க ரம்பமானது. அடுத்த ஆண்டு லெஸ்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1954இல் போஷ் அந்நிறுவனத்தை வாங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே வட்ட ரம்பம் ஒழித்த அதே வீண் இழுப்பு ஜிக் சாவில் திரும்பி வந்தது என்றாலும், மெல்லிய அலகு எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் குழாயைச் சுற்றிய வட்டமும் நிலையைச் சுற்றிய மடிப்பும் அதற்கு எளிதாகின. நேர்கோடு மட்டும் அதற்கு வராது. தடித்த மரத்தில் அலகு அடியில் வளைந்து, மேலே நேராகவும் கீழே சாய்வாகவும் வெட்டும்.

மற்றது 1964இல் அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனம் கொண்டுவந்த மின் மைட்டர் சா. கைரம்பத்துக்கு வழிகாட்டும் மரப்பெட்டியில் 45 டிகிரிக் காடி போட்டு மூலைச்சட்டம் வெட்டுவது பழைய தச்சு வழக்கம். அந்தப் பெட்டிக்கு மேல் கீல் வைத்து வட்ட ரம்பத்தைத் தொங்கவிட்டு, வெட்டுக் கத்திபோல் கீழே அழுத்தினால் போதும் என்றாக்கியது ராக்வெல். நீளமாக அறுக்க இதனால் சுத்தமாக முடியாது. ஆனால் குறுக்கே வெட்டினால் கோணம் பிசகாது. பின்னர் தலை சாயும் வகையும் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்கும் வகையும் வந்து, அகலப் பலகையையும் ஒரே இழுப்பில் வெட்ட வைத்தன. ரேடியல் ஆர்ம் சா செய்துவந்த நல்ல காரியம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

இதற்கிடையே பல்லும் மாறியது. டங்ஸ்டன் கார்பைடுத் துகளைக் கோபால்ட்டில் பிணைத்துச் செய்யும் கடினக் கலவையை ஜெர்மனியின் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் உரிமமாக்க, க்ருப் நிறுவனம் 1920களின் இறுதியில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஃகுத் தட்டில் இதன் துணுக்குகளைப் பற்றவைத்த தட்டு போருக்குப் பின் பரவியபோது, வாரம் ஒருமுறை அரம் எடுத்துப் பல் தீட்டும் வழக்கம் வீட்டுப் பட்டறையிலிருந்து மறைந்தது. ப்ளைவுட்டின் பசையும் பார்ட்டிகிள் போர்டும் சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு தாங்கியது. மின்ரம்பம் வாங்குகிறவர்கள் மோட்டாரின் வேகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கவனிக்காமல் விடுவது வழக்கம். 10 அங்குலத் தட்டில் நீள அறுப்புக்கு 24 பல், நேர்த்தியான குறுக்கு வெட்டுக்கு 60 முதல் 80 பல் என்ற வேறுபாடு மோட்டாரைவிட வேலையின் தரத்தை அதிகம் தீர்மானிக்கும். முதல் பத்தியில் சொன்ன இரண்டு தனித் தொழில்கள் இன்றும் தட்டின் மேல் அச்சிட்ட எண்ணாக நிற்கின்றன.

தரை போடும் வேலையை வீட்டுக்காரர் கைக்கு முழுதாகக் கொடுத்தது ரம்பமல்ல, தரையே. சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் லேமினேட் தரையை உருவாக்கி, 1984 முதல் பெர்கோ என்ற பெயரில் அதை விற்றது: அழுத்திய மரநார்ப் பலகை, மேலே மரரேகை அச்சிட்ட தாள், அதற்கு மேல் அலுமினியம் ஆக்சைடு கலந்த கடினப் படலம். 1990களின் பின்பாதியில் சுவீடனின் வேலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகியவை ஆணியும் பசையும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் ஓரத்தைக் கொண்டுவந்தன. இத்தரை உத்தரத்தில் ஆணியடிக்கப்படுவதில்லை. மெல்லிய விரிப்பின் மேல் மிதக்கும். ஈரத்தில் விரிந்தால் இடம் வேண்டும் என்பதால் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டு, அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் சட்டத்தால் மறைப்பார்கள். வரிசை முடிவின் வெட்டு முழுதும் சட்டத்தின் அடியில் ஒளிந்துகொள்வதால், ஓரம் கொஞ்சம் சிராய்த்தாலும் கேட்பாரில்லை. ஒரே அறைக்கு ஒரு ஜிக் சா போதும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். வீடு முழுக்கப் போடுகிறவருக்கு மைட்டர் சாவும், கடைசி வரிசைக்கு ஒரு சர்குலர் சாவோ டேபிள் சாவோ வேண்டியிருக்கும்.

பலகையின் எந்த முகம் மேலே இருக்க வேண்டும் என்பது ரம்பத்தைப் பொறுத்தது. ஜிக் சாவின் அலகும் கையடக்க சர்குலர் சாவின் தட்டும் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பவை. சிராய் மேல்முகத்தில் எழும். ஆகவே நல்ல முகத்தைக் கீழே வைத்து வெட்ட வேண்டும். டேபிள் சாவும் மைட்டர் சாவும் மேலிருந்து உள்ளே இறங்குபவை. அவற்றில் நல்ல முகம் மேலே இருக்கலாம். அலுமினியம் ஆக்சைடு என்பது சாணைக்கல்லில் உள்ள பொருள்தான். லேமினேட்டை நிறைய வெட்டினால் கார்பைடுப் பல்லும் மழுங்குகிறது. தொழிலாகச் செய்கிறவர்கள் செயற்கை வைரத் துணுக்கு வைத்த தட்டுக்குப் போய்விட்டார்கள்.

டேபிள் சாவின் ஆபத்து இத்தனை காலமும் அதனோடே வந்தது. தட்டின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு அப்பற்களைக் கவ்வினால், பலகை எகிறி ஆளை நோக்கிப் பாயும், கையையும் தட்டுக்குள் இழுக்கும். தட்டுக்குப் பின்னால் நின்று பிளவைத் திறந்து வைக்கும் மெல்லிய தகடு ஐரோப்பிய ரம்பங்களில் நெடுநாளாக இருந்தது. அமெரிக்காவில் புதிதாக வடிவமைக்கும் டேபிள் சாக்களுக்கு 2008 முதல்தான் தர விதியானது. அதற்குள் இன்னொரு வழி பிறந்திருந்தது. இயற்பியல் படித்த உரிம வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ் 1999இல் வகுத்த ஏற்பாட்டில், தட்டின் வழியே சிறு மின்குறி ஓடிக்கொண்டிருக்கும். மனித உடல் மின்சாரம் கடத்துவதால், விரல் பட்டதும் குறி தாழும். உடனே ஒரு சுருள்வில் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் அறைந்து, 5 மில்லிவிநாடிக்குள் தட்டை நிறுத்திவிடும். விரலுக்குப் பதிலாகச் சாசேஜ் துண்டை வைத்துக் காட்டிய அவருடைய செயல்விளக்கம் புகழ்பெற்றது. பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்காததால், அவரே சாஸ்டாப் என்ற பெயரில் ரம்பம் செய்து 2004 முதல் விற்றார். ஒருமுறை இயங்கினால் கட்டையும் தட்டும் வீண். ஈர மரம்கூடச் சில வேளை அதை ஏமாற்றிவிடும்.

கம்பியில்லா ரம்பம் வேலைக்கு ஆகும் என்றானது 2005இல் மில்வாக்கி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியைக் கருவிக்குக் கொண்டுவந்த பிறகு. அதற்கு முந்தைய நிக்கல் காட்மியம் பேட்டரிகள் ட்ரில்லுக்குப் போதுமானவையாக இருந்தன. வட்ட ரம்பம் அவற்றைச் சில பலகைகளிலேயே வற்றவைத்துவிடும்.

தமிழ்நாட்டில் மரத்தரை என்பது மச்சு வீடுகளுக்கும் மலைவாச பங்களாக்களுக்கும் அப்பால் பரவாத பழக்கம். கல்லும் ஓடும் சிமென்ட்டும்தான் தரை. அதனால் இங்கே தச்சர் கைக்கு முதலில் மலிவாகக் கிடைத்த வட்டக் கருவி மரத்துக்குச் செய்ததல்ல, தரைக்கல் வெட்டும் மார்பிள் கட்டர். 110 மில்லிமீட்டர் தட்டு, நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று, விலை சர்குலர் சாவைவிடக் குறைவு. வைரத் தட்டைக் கழற்றிவிட்டுக் கார்பைடுப் பல் வைத்த தட்டை மாட்டி, மாடுலர் கிச்சன் முதல் கட்டில் வரை அறுக்கிறார்கள். ப்ளைவுட் மேசைக்கு அடியில் அதைக் கவிழ்த்துப் பொருத்திக் கையால் செய்த டேபிள் சாவாக ஓட்டுவதும் சகஜம். பிளவைத் திறந்து வைக்கும் தகடு அதில் இல்லை, மறைப்பு அரைகுறை, வேகம் மரத்துக்குத் தேவையானதைவிட மிக அதிகம். ஆனால் அதன் தட்டு 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஆழம் இறங்கும். தச்சர்கள் அன்றாடம் அறுக்கும் 19 மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்கு அந்த ஆழம் தாராளம்.